பழைய சுங்கானின் கழுத்தைப் படிப்பது எப்படி? முத்திரைகளை வைத்து ஊரையும் வயதையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய பொருள் விற்பவரின் மேசையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பத்துப் பன்னிரண்டு சுங்கான்கள், அதாவது புகைக்கும் பைப்புகள். எல்லாமே கறுத்து, விளிம்பு கருகி, வாய்ப்பக்கம் பச்சை பூத்து, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றில் ஒன்று அடுப்பெரிக்கத்தான் ஆகும். அதன் மேல் சாய்ந்து கிடப்பதோ, விவரம் தெரிந்தவர் கையில் பட்டால் திரும்பக் கீழே வைக்கமாட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கழுத்தில் அரிசி மணி அளவில் பதிந்திருக்கும் சில எழுத்துகளில் இருக்கிறது.

நான் புகைப்பதில்லை. பழைய கைக்கடிகாரம், பேனா சேர்ப்பவர்களைப் போல எனக்கு இந்த எழுத்துகள் மேல்தான் பைத்தியம். அந்தப் பைத்தியத்தில் கற்றதையும், காசு கொடுத்துத் தப்பாகக் கற்றதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மண் சுங்கானும், மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்தில் செதுக்கியதும் தனி உலகம். இங்கே பேசுவது பிரையர் பைப் பற்றி மட்டும். மத்தியதரைக் கடல் ஓரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டில் கடைந்தெடுப்பது பிரையர்.

உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். புகையிலை போடுவது கிண்ணம். அதிலிருந்து நீளும் மரப்பகுதி கழுத்து. கழுத்தில் செருகி வாயில் வைப்பது வாய்க்குழல். வாய்க்குழலின் முனையில் கழுத்துக்குள் நுழையும் பகுதி முளை. முத்திரைகளில் பெரும்பாலானவை கழுத்தில்தான் இருக்கும்.

முதல் படி: துடைக்காதீர்கள்

வாங்கி வந்ததும் பாலீஷ் போட்டுப் பளபளக்க வைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்த முத்திரைகள் மரத்தில் அழுத்திப் பதித்தவை. ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சுழலும் பஃபிங் சக்கரத்தில் நாலு தடவை காட்டினால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். உப்புத்தாள் போட்டால் கதை முடிந்தது. நூறு வருடம் தாக்குப்பிடித்த முத்திரைகள் பல, கடைசியாக விற்க வந்தவரின் சுத்தப்படுத்தலில்தான் அழிந்திருக்கின்றன.

அழுக்கு மூடியிருந்தால் லேசாக ஈரமாக்கிய பஞ்சுக்குச்சி போதும். பைப் செப்பனிடுபவர்கள் சொந்த எச்சிலைத் தொட்டுத்தான் துடைப்பார்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆல்கஹால் வேண்டாம், அழுக்கோடு மரத்தின் சாயத்தையும் கரைத்துவிடும்.

கருவிகள் இரண்டே. நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, கைப்பேசி டார்ச் ஒன்று. டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கழுத்தோடு கழுத்தாக, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் ஒளியை விடுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து வரும். பைப்பை மெல்லச் சுழற்றிக்கொண்டே ஏழெட்டுப் படம் எடுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத எழுத்து இன்னொரு கோணத்தில் தெரியும். தேய்ந்துபோன எழுத்து விஷயத்தில் கண்ணை நம்புவதைவிடப் படங்களை அடுக்கிவைத்துப் பார்ப்பது நல்லது. கண் தான் விரும்புவதைப் படித்துவிடும்.

இரண்டாம் படி: எங்கெல்லாம் பார்ப்பது

கிண்ணம் மேலே, வாய்க்குழல் உங்கள் பக்கம் இருக்குமாறு பிடியுங்கள். புகைப்பவர் பிடிக்கும் விதமும் அதுதான். இப்போது கழுத்தின் இடப்பக்கம் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரும் வகைப்பெயரும் இருக்கும். வலப்பக்கம் நாட்டின் பெயர், வடிவ எண், சில சமயம் ஆண்டுக் குறி. மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய பைப்புகளில் கழுத்தின் அடியில் மட்டும் ஒரு பட்டையை வழவழப்பாக விட்டு, அங்கே எல்லாவற்றையும் நெருக்கி அடித்திருப்பார்கள். வாய்க்குழலின் மேலோ இடப்பக்கத்திலோ சின்னம் இருக்கும். அதன் அடியில் பிரான்ஸ் என்றோ வேறு நாட்டின் பெயரோ பொடியாக இருக்கலாம். உலோக வளையம் இருந்தால் அதையும் சுற்றிப் பாருங்கள்.

வாய்க்குழலைக் கழற்றி முளையையும் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் முறுக்கிப் பார்க்காதீர்கள், கழுத்து விரிசல் விடும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

மூன்றாம் படி: கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்

நோட்டில் வரி வரியாக எழுதுங்கள். எழுத்து பெரியதா சிறியதா, நேர்கோட்டிலா வளைவிலா, வட்டத்துக்குள்ளா, மேற்கோள் குறி இருக்கிறதா, எண் சற்று உயர்ந்து நிற்கிறதா என்று எல்லாவற்றையும் குறியுங்கள். ‘பார்லிங்ஸ்’ என்ற லண்டன் தயாரிப்பாளரின் முத்திரையில் அந்தக் கடைசி ‘ஸ்’ இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பைப்பின் மதிப்பே மாறும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எழுதிய பிறகு, எது பெயர், எது பெயரல்ல என்று பிரியுங்கள். புதிதாக வருபவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். ‘புரூயேர்’ என்று அடித்திருக்கும். அதைக் கம்பெனி பெயர் என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுவார்கள். பிரெஞ்சில் அது அந்த மரத்தின் பெயர். ‘ரியல் பிரையர்’, ‘அல்ஜீரியன் பிரையர்’ என்பவையும் மரத்தைச் சொல்பவைதான். ‘லண்டன் மேட்’ என்பது ஊரைச் சொல்கிறதே தவிர ஆளைச் சொல்லவில்லை. ‘இம்போர்ட்டட் பிரையர்’ என்றிருந்தால் அநேகமாக அது அமெரிக்காவில் செய்தது. மரம் மட்டும் வெளியிலிருந்து வந்திருக்கிறது. ‘மிஷன் பிரையர்’ என்றால் இன்னும் சுவாரசியம். இரண்டாம் உலகப் போரில் மத்தியதரைக் கடல் வழி அடைபட்டதும், அமெரிக்கர்கள் கலிபோர்னியாவின் மான்சனிட்டா வேரை வெட்டிப் பைப் செய்தார்கள். அந்த மரத்துக்கு வைத்த வியாபாரப் பெயர் அது. இந்த இரண்டு சொல் போதும், பைப்பின் காலம் கிட்டத்தட்டக் கையில் வந்துவிடும்.

இன்னொரு குழப்பம்: முத்திரையில் இருப்பது கடைக்காரரின் பெயராகவும் இருக்கலாம். பெரிய புகையிலைக் கடைகள் தொழிற்சாலையிடம் சொல்லித் தங்கள் பெயரை அடித்து வாங்கிக்கொள்வார்கள். அப்படியானால் உண்மையான தயாரிப்பாளரை வடிவ எண்ணிலும் நாட்டு முத்திரையின் வடிவத்திலும்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: நாட்டின் பெயர் சொல்லும் காலம்

தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும் நாட்டின் பெயர் ஒரு கால எல்லை தரும். அமெரிக்கா 1890-ல் மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்து, இறக்குமதியாகும் சரக்கில் எந்த நாட்டுப் பொருள் என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்றது. அதன் பிறகுதான் ஏற்றுமதிப் பைப்புகளில் நாட்டுப் பெயர் பரவலாகிறது. நாட்டுப் பெயரே இல்லாத பைப் எல்லாம் அதற்கு முந்தியது என்று தலைகீழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூரில் விற்கச் செய்ததில் யாரும் மெனக்கெட்டு அடிக்கவில்லை.

ஜெர்மனி எளிது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘யு.எஸ். ஸோன்’ என்றிருந்தால் போர் முடிந்து அமெரிக்கப் படை ஆண்ட அந்த நாலு வருடம்.

அயர்லாந்து இதில் ஒரு பொக்கிஷம். அந்த நாடு பெயர் மாற்றிக்கொண்டே வந்தது, பீட்டர்சன் கம்பெனியும் கூடவே முத்திரையை மாற்றியது. ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்றிருந்தால் 1922 டிசம்பரில் அந்த நாடு உருவானதற்குப் பிறகு. 1937 டிசம்பர் கடைசியில் புதிய அரசியலமைப்பு வந்து பெயர் ‘எய்ரே’ ஆனது. 1949 ஏப்ரலில் குடியரசானது. ‘ரிபப்ளிக் ஆஃப் அயர்லாந்து’ என்ற முத்திரை அந்த மாற்றத்தை ஒட்டி வந்தது. ஆனால் தொழிற்சாலை, அரசிதழ் வந்த அன்று மாலையே பழைய அச்சைத் தூக்கிப் போடுவதில்லை. ஓரிரு வருடம் முன்பின் விட்டுத்தான் எண்ண வேண்டும். ‘மேட் இன் அயர்லாந்து’ என்று மட்டும் இருந்தால் வேறு சான்று தேடுங்கள்; அது ஒரே காலத்துக்கு உரியதல்ல. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று பீட்டர்சனில் பார்த்தால் போலி என்று எறிந்துவிடாதீர்கள். லண்டனிலும் அவர்களுக்குப் பட்டறை இருந்தது.

ஐந்தாம் படி: காப்புரிமை எண்ணும் சாய்கோடும்

சில பைப்புகளில் ‘பேட்டன்ட் நம்பர் 5861/12’ என்பது போல இருக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஆண்டு, அதாவது 1912. பிரிட்டனில் 1915 வரை காப்புரிமை எண்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து தொடங்கின. ஆண்டைச் சேர்க்காவிட்டால் எந்த 5861 என்று தெரியாது. 1916 முதல் 100001-இல் ஆரம்பித்துத் தொடர் எண் ஆனது. 119708/17 போன்ற ஆறிலக்க எண்கள் அப்படி வந்தவை.

இந்த எண் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்லும்: பைப் அந்த ஆண்டுக்கு முன்னால் செய்ததல்ல. 1912 காப்புரிமை அடித்த பைப்பை 1912-ல் செய்தது என்று விளம்பரத்தில் போட்டு விற்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். காப்புரிமை வாங்கிய பிறகு அதே எண்ணை ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

டென்மார்க்கின் ஸ்டான்வெல்லில் ‘ரெஜிஸ்டர்ட் நம்பர் 969-48’ என்று இருப்பதும் இதே கதைதான். 1948-ல் பதிவான சின்னத்தின் எண் அது. பிறகு இருபது வருடம் போல அடித்தார்கள். அது இருந்தால் பழைய ஸ்டான்வெல் என்று சந்தோஷப்படலாம், 1948 என்று எழுதக் கூடாது. அமெரிக்காவின் கேவுடியில் முளையோடு சேர்ந்த உலோகத் துண்டில் 213598 என்று இருக்கும். பைப்பின் வரிசை எண் என்று நினைத்து எழுதிக் கேட்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கான பைப்பில் இருப்பது அதே எண்தான், அது வணிகச்சின்னப் பதிவு.

பிரெஞ்சுப் பைப்பில் ‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்று பார்த்தால் 1968-க்கு முந்தையது. ‘அரசின் உத்தரவாதம் இல்லாமல்’ என்று அதற்குப் பொருள். காப்புரிமை கொடுத்த அரசே, ‘இது வேலை செய்யுமா என்று எங்களைக் கேட்காதே’ என்று கூடவே சொல்லி வைத்திருக்கிறது. ஜெர்மன் பதிவுக் குறிகளான ‘டி.ஆர்.பி.’, ‘டி.ஆர்.ஜி.எம்.’ இரண்டும் 1945-ல் முடிந்த ரைஷ் (அப்போதைய ஜெர்மன் அரசு) காலத்தவை.

ஆறாம் படி: வெள்ளி வளையம்

நகை வாங்கும்போது 916-ஐயும் ஹால்மார்க்கையும் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் பகுதி சுலபமாகவே வரும். பிரிட்டிஷ் வெள்ளியில் நாலு குறிகள் வரிசையாக இருக்கும். செய்தவரின் முதலெழுத்துகள், நடக்கும் சிங்கம், ஊர்ச் சின்னம், ஒரே ஓர் ஆங்கில எழுத்து. சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. ஊர்ச் சின்னத்தில் நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், கோட்டை எடின்பரோ. கிரீடம் ஷெஃபீல்ட், 1975-லிருந்து அவர்கள் ரோஜாவுக்கு மாறினார்கள். மூன்று கோதுமைக் கதிர்க்கட்டும் வாளும் செஸ்டர். அந்தச் சோதனைச் சாலை 1962-ல் மூடப்பட்டது, எனவே செஸ்டர் குறி உள்ள எதுவும் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

தனி எழுத்துதான் ஆண்டு. ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ளாமல் எழுத்தைப் படிக்கக் கூடாது. பர்மிங்காமில் சிறிய ‘ஏ’ என்றால் 1900-ல் தொடங்கிய ஆண்டு, பெரிய ‘ஏ’ என்றால் 1925. 1950-லும் பெரிய ‘ஏ’ வருகிறது. எழுத்தின் பாணியையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவையும் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் எது எது என்று பிரியும். லண்டன் வேறு கணக்கில் ஓடியது. அங்கே 1916, 1936, 1956 என்று இருபதாண்டுச் சுற்று. தவிர, அந்தக் காலத்தில் பர்மிங்காமில் எழுத்து ஜூலையில் மாறியது. ஆகவே ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளைத் தொட்டு நிற்கும்.

டப்ளினில் கிரீடம் சூடிய யாழும், அமர்ந்திருக்கும் ஹைபர்னியா என்ற பெண் உருவமும் இருக்கும். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஒரு பீட்டர்சன் வளையத்தில் மூன்று சின்னங்கள்: மூவிலைக் க்ளோவர், படுத்திருக்கும் வேட்டைநாய், உருண்டைக் கோபுரம். ‘டப்ளின் வெள்ளி’ என்று சொல்லி விற்றவர் வெள்ளி விலைதான் கேட்டார், நானும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது நிக்கல். அந்த மூன்றும் பீட்டர்சன் தன் நிக்கல் வளையங்களில் அழகுக்கு அடிக்கும் குறிகள். எந்தச் சோதனைச் சாலையும் அவற்றைப் பார்த்ததில்லை. கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. படிக்கத் தெரியாமல் போனது என் தவறு, தெரிந்தே சொன்னாரா என்பது விற்றவருக்கு வெளிச்சம். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தாலும் வெள்ளிப் பூச்சு மட்டும்தான்.

வளையம் மரத்தின் காலத்தையே சொல்கிறது என்றும் எண்ணிவிடக் கூடாது. கழுத்தில் விரிசல் விட்டால் வளையம் போட்டு இறுக்குவது பழைய வைத்தியம். வளையம் முத்திரையில் பாதி எழுத்தை மூடியிருந்தால் அது பிற்பாடு போட்டது. எந்தத் தொழிற்சாலையும் தன் பெயரைத் தானே மறைக்காது.

ஏழாம் படி: தயாரிப்பாளரின் சொந்தக் கணக்கு

பெயர் தெரிந்த பிறகு அந்தக் கம்பெனியின் பழக்கங்களுக்குள் போக வேண்டும். டன்ஹில்லை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆண்டுக் குறியை இத்தனை ஒழுங்காக அடித்தவர்கள் வேறு யாரும் இல்லை. குழப்பமும் அங்கேதான் அதிகம்.

ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-ல் லண்டன் டியூக் ஸ்ட்ரீட்டில் கடை திறந்து, 1910-ல் சொந்தமாகப் பைப் செய்ய ஆரம்பித்தார். வாய்க்குழலின் மேல் இருக்கும் வெள்ளைப் புள்ளி 1912 வாக்கில் வந்தது. நேரான வாய்க்குழலில் எது மேல்பக்கம் என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தார்கள், அதற்காக வைத்த அடையாளம் உலகப்புகழ் பெற்றுவிட்டது. வெள்ளைப் புள்ளி இருந்தாலே டன்ஹில் என்று முடிவு கட்டாதீர்கள். நியூரம்பர்க்கின் வாவென் கம்பெனியும் புள்ளி வைத்தது. தவிர, வாய்க்குழலில் ஒரு துளை போட்டு வெள்ளைக் குச்சியைச் செருகுவது பெரிய வித்தையல்ல.

கழுத்தின் வலப்பக்கம் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்பதன் கடைசி எழுத்தை ஒட்டி ஒரு பொடி எண் இருக்கும். 1921-ல் அது 1. 1927-ல் 7. முப்பதுகளில் ஈரிலக்கம் ஆனது, 1938-ல் 18. ஆக 1920-ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும். பிறகுதான் வம்பு. நாற்பதுகளில் மறுபடி ஒற்றை எண்ணுக்குத் திரும்பினார்கள், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அதையே செய்தார்கள். எழுபதுகளில் 11, 12 என்று ஏறி அப்படியே தொடர்ந்தது. அங்கே 1960-ஐக் கூட்ட வேண்டும். 1987 என்றால் 27. எனவே ‘4’ என்ற எண் 1924, 1944, 1954, 1964 என்று நாலு ஆண்டுகளைக் காட்டும். ‘15’ என்பது 1935-ஆகவும் இருக்கலாம், 1975-ஆகவும் இருக்கலாம்.

இதை அவிழ்க்க இரண்டு சாட்சிகள் உண்டு. முதலாவது காப்புரிமை எண். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை அடித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது, வட்டத்துக்குள் இருக்கும் அளவு எண்ணும் பக்கத்தில் ஓர் எழுத்தும். ஒன்று முதல் ஆறு வரை கிண்ணத்தின் அளவு. ‘ஏ’ என்றால் சிவந்த வழவழப்பான புரூயேர், ‘எஸ்’ என்றால் மணல் வீசிய ஷெல், ‘ஆர்’ என்றால் ரூட், ‘டி’ என்றால் டான்ஷெல். இது ஐம்பதுகளின் தொடக்கத்தில்தான் வந்தது.

இப்போது ‘15’-ஐ எடுங்கள். காப்புரிமை எண் இருந்து வட்டம் இல்லையென்றால் 1935. வட்டம் இருந்து காப்புரிமை இல்லையென்றால் 1975. ‘4’ இருந்து, காப்புரிமையும் வட்டமும் சேர்ந்தே இருந்தால்? இரண்டும் ஒரே பைப்பில் சந்திக்கும் காலம் ஐம்பதுகளின் முதல் பாதி மட்டுமே, ஆகவே 1954. காப்புரிமை மட்டும் இருக்கும் ‘4’ 1924 அல்லது 1944. அங்கே காப்புரிமையின் ஆண்டைப் பாருங்கள். 417574/34 என்றிருந்தால் 1924-ல் செய்திருக்க வழியே இல்லை. வட்டம் மட்டும் இருக்கும் ஒற்றை எண்தான் தலைவலி, ஐம்பதுகளின் பின்பாதியா அறுபதுகளா என்று. அதற்கு எண்ணின் அளவையும், அடியில் கோடு இருக்கிறதா என்பதையும், தேதி உறுதியான பைப்புகளின் படங்களோடு ஒப்பிடுவதே வழி.

வகைப்பெயர்களும் கீழ் எல்லை தருகின்றன. ஷெல் 1917-க்குப் பிறகு, ரூட் பிரையர் 1931, டான்ஷெல் 1952. இந்த ஆண்டுகளோடு முரண்படும் எண்ணைப் படித்திருந்தால் நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது பைப் பொய் சொல்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் பழைய வடிவ எண்களை விட்டு நாலிலக்க எண்களுக்குப் போனார்கள்; அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்து பார்லிங். 1812-ல் வெள்ளி வேலைக்காரர்களாகத் தொடங்கிய லண்டன் குடும்பம். வெள்ளி வளையத்தில் ‘ஈ.பி.’, ‘டபிள்யூ.பி.’ என்று இருப்பது எட்வர்ட், வில்லியம் பார்லிங் இருவரின் முதலெழுத்துகள். குடும்பத்தின் கையில் இருந்தவரை வளைவாக ‘பார்லிங்ஸ்’, அதன் கீழே ‘மேக்’ என்று கட்டை எழுத்தில் அடித்தார்கள். 1960-ல் இம்பீரியல் டுபாக்கோ கைக்குப் போய், 1962-ல் முத்திரையே மாறிவிட்டது. ‘ஸ்’ போய், கையெழுத்துப் போலச் சாய்ந்த ‘பார்லிங்’ ஆனது. வடிவ எண்களும் நீண்டன. சேகரிப்பாளர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது குடும்பக் காலத்தவற்றைத்தான். விலைப் பட்டியலைப் பார்த்தால் அந்த ‘ஸ்’ உலகிலேயே விலை உயர்ந்த எழுத்து என்று தோன்றும்.

சராட்டனும் லண்டன்தான், 1863-ல் ஃப்ரெடெரிக் சராட்டன் தொடங்கியது. வட்டத்துக்குள் சுழித்த ‘எல்’ இருந்தால், அமெரிக்காவில் அவற்றை விற்ற ஹெர்மன் லேனின் குறி. ஐம்பதுகளின் நடுவிலிருந்து பார்க்கலாம். வடிவ எண்ணோடு ‘டி.சி.’ என்றிருந்தால் ‘டபுள் கம்ஃபர்ட்’ எனும் படிவைத்த வாய்க்குழல். ‘எக்ஸ்’ என்றிருந்தால் அது இல்லாத சாதாரண வாய்க்குழல். முத்திரையும் வாய்க்குழலும் பொருந்தவில்லையென்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. காமோய்ஸ், பிரான்சின் சாங்-க்ளோதில் 1825-ல் தொடங்கி, 1879-ல் ஆன்ரி காமோய் வழியாக லண்டன் வந்தது. பழைய வாய்க்குழலில் உள்ள ‘சி’ மூன்று துண்டுகளைப் பதித்துச் செய்தது. வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கீறல். லென்ஸில் இணைப்பு தெரியும். பிற்காலத்தவற்றில் இந்த மெனக்கெடல் இல்லை. ஜி.பி.டி. என்பது 1850-ல் பாரிசில் சேர்ந்த கன்னவால், போந்தியே, டானிங்கர் மூவர். வாய்க்குழலில் பித்தளைப் பொட்டு இருந்தால் பழையது, எண்பதுகளின் தொடக்கத்தில் பொட்டு போய் வெறும் அச்சானது. சசியேனி, சராட்டனிலும் டன்ஹில்லிலும் வேலை பார்த்த ஜோயல் சசியேனி 1919-ல் தொடங்கியது. நாலு புள்ளி அவர்களின் உயர்ந்த ரகம். பெயரின் கடைசி எழுத்தின் வால் மீன் வாலைப் போலப் பிளந்திருந்தால் போருக்கு முந்தியது. கேவுடியில் நாலிலக்க வடிவ எண்ணும், நாலு துளை உள்ள உலோகத் துண்டும் பழமைக்கு அடையாளம்.

இரண்டாந்தர முத்திரைகளையும் தெரிந்து வையுங்கள். சிறு குறை உள்ள கிண்ணத்தைப் பெரிய கம்பெனி தன் பெயரில் விற்காது, வேறு பெயரில் விற்கும். டன்ஹில்லுக்குப் பார்க்கர், காமோய்ஸுக்கு கில்ட்ஹால், எவ்ரிமேன், ஜி.பி.டி.க்கு சிட்டி டி லக்ஸ், சசியேனிக்கு மேஃபேர். அதே மரம், அதே கை, விலை மட்டும் கால்வாசி. என்னிடம் உள்ளவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கில்ட்ஹால்தான். வாய்க்குழலில் மூன்று உலோகக் கோடுகள், எந்த வெளிச்சத்திலும் அழகு.

எட்டாம் படி: வாய்க்குழலைச் சந்தேகியுங்கள்

பைப்பில் முதலில் உடைவதும் முதலில் மாற்றப்படுவதும் வாய்க்குழல்தான். சின்னம் அதில் இருப்பதால் அதை வைத்து மட்டும் முடிவெடுத்தால் மோசம் போவோம். கழுத்தும் வாய்க்குழலும் சேரும் இடத்தில் விரல் நகத்தை ஓட்டுங்கள். அசல் ஜோடியில் படி தட்டாது. மாற்றியதில் ஒரு பக்கம் மேடாக இருக்கும், அல்லது பொருந்துவதற்காகக் கழுத்தையே ராவி எழுத்தின் ஓரத்தைத் தின்றிருப்பார்கள்.

பொருளையும் பாருங்கள். பச்சை பழுப்பாக வெளுத்திருந்தால் வல்கனைட் எனும் கந்தகம் ஏற்றிய ரப்பர், ஈரத் துணியால் தேய்த்தால் கந்தக வாடை வரும். கண்ணாடி போலப் பளபளத்து வெளுக்காமலே இருந்தால் அக்ரிலிக். இருபதுகளின் முத்திரை உள்ள கழுத்தில் அக்ரிலிக் வாய்க்குழல் இருந்தால் பிந்தைய ஜோடி என்பதில் சந்தேகமில்லை. முளை இருக்க வேண்டிய இடத்தில் எலும்புத் திருகு இருந்தால் அது பழைய பாணி, பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முன்னால்.

ஒன்பதாம் படி: எழுத்தே போலியா?

அச்சு வைத்து அழுத்திய எழுத்தில் மர நார் உள்ளே அமுங்கியிருக்கும், வெட்டுப்பட்டிருக்காது. உருண்டையான கழுத்தில் தட்டையான அச்சை வைத்து அடிப்பதால் வரியின் நடு ஆழமாகவும் ஓரங்கள் மெலிந்தும் இருப்பது இயல்பு. எல்லா எழுத்தும் ஒரே ஆழத்தில், விளிம்பில் கருகிய நிறத்தோடு இருந்தால் லேசர். பழைய பைப்பில் லேசருக்கு வேலையில்லை. தேய்மானமும் ஒத்துப்போக வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு உருண்டு, நிறம் போய், கழுத்து வழுக்கிக் கிடக்கும்போது எழுத்து மட்டும் நேற்று அடித்ததுபோல் நின்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பத்தாம் படி: முடிவை எப்படி எழுதுவது

ஒவ்வொரு பைப்புக்கும் நான் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். மேலே முத்திரை அப்படியே. கீழே மூன்று வரிகள்: எதற்கு முந்தியதாக இருக்க முடியாது, எதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது, எந்தச் சாட்சி அதைச் சொன்னது. ஒரே ஓர் ஆண்டை எழுதும் உரிமை வெள்ளி எழுத்துக்கும் டன்ஹில் போன்ற ஆண்டுக் குறிக்கும் மட்டுமே, மற்றதெல்லாம் இடைவெளிதான். விற்கும்போதும் அப்படியே எழுதுங்கள்: ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட் முத்திரை, 1922-க்கும் 1937-க்கும் இடையில், வாய்க்குழல் மாற்றியது’. வாங்குபவர் நாலு கேள்வி குறைவாகக் கேட்பார்.

என் அட்டைகளில் ஒன்றில் இன்னும் ‘லண்டன் மேட்’ என்ற இரண்டு சொல்லும் ஒரு வடிவ எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. மீதி இடத்தைப் பென்சிலில் எழுதுவதற்காக விட்டு வைத்திருக்கிறேன்.